லைட் மந்திரம்: ஒளி பொருளுக்கு, இடத்துக்கு அல்ல

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதையாட்டத்தைத் தமிழிலேயே ஆடும் எங்கள் குழுவுக்கு, கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டன்ஜன் மாஸ்டராக நான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். ஒரு பொருளை விளக்குபோல் ஒளிர வைக்கும் லைட் என்னும் சிறு மந்திரத்தைப் பற்றி அண்மையில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளே இவற்றுக்கு அடிப்படை. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கேள்வி (செந்தூல்): அண்ணா, முதன்முறையாக விசார்ட் (மந்திரவாதி) கதாபாத்திரம் எடுத்திருக்கிறேன். முதல் நிலையில் மூன்று கேன்ட்ரிப்கள்தான் (முதல்நிலைக்கும் கீழான சிறு மந்திரங்கள்) கிடைக்கின்றன. ஒரு செப்புக் காசுக்குத் தீப்பந்தம் வாங்க முடியும்போது, மூன்றில் ஒன்றை லைட்டுக்குக் கொடுப்பது சரியா?

பதில்: தம்பி, அளவை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டும் 20 அடிக்குப் பிரகாசமான ஒளியும், அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கலான ஒளியும் தரும். இரண்டும் ஒரு மணி நேரம் நீடிக்கும். ஆனால் தீப்பந்தம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். வாளும் கேடயமும் ஏந்தி முன்வரிசையில் நிற்பவர் அதை எந்தக் கையில் பிடிப்பார்? லைட்டை அவருடைய கேடயத்தின் மீதே போட்டுவிட்டால், கேடயம் போகும் இடமெல்லாம் வெளிச்சமும் போகும். ஆற்றில் இறங்கினாலும் அது அணையாது; பழைய சுவடிகள் குவிந்த அறைக்குள் நுழைந்தாலும் எதையும் பற்ற வைக்காது.

"எங்கள் குழுவில் எல்லோருக்கும் டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இருக்கிறது, வெளிச்சம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. டார்க்விஷன் உள்ளவருக்கு இருட்டு மங்கலான ஒளியாகத் தெரியுமே தவிரப் பகலாகத் தெரியாது. மங்கலான ஒளியில் கண்ணால் தேடும் பெர்செப்ஷன் சோதனைக்குப் பகடையை இரு முறை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிறமும் தெரியாது; எல்லாம் சாம்பல்தான். தரையோடு தரையாகக் கட்டப்பட்ட பொறிக்கம்பியைத் தவறவிட்டு, எங்கள் குழுவின் டுவார்ஃப் (குள்ளர் இன) வீரர் குழிக்குள் விழுந்தது இப்படித்தான். குழுவில் டார்க்விஷன் இல்லாத ஒரு மனிதராவது இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் கிளெரிக்கோ (பூசாரி) பார்டோ (பாணர்) லைட்டை ஏற்கனவே எடுத்திருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

கேள்வி (கிள்ளான்): பத்து நாணயங்களுக்கு ஒளியேற்றி வழியெங்கும் போட்டுக்கொண்டே போகலாமா? ஒன்றைக் கிணற்றுக்குள் போட்டு ஆழம் பார்க்கலாமா?

பதில்: முதலாவது முடியாது, இரண்டாவது தாராளமாக முடியும். மீண்டும் லைட்டைப் போட்ட கணமே முந்தையது முடிந்துவிடும் என்பதால், ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான்.

இந்த மந்திரம் ஒளியேற்றுவது ஒரு பொருளுக்கு, ஓர் இடத்துக்கு அல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், மேசையில் எழும் பெரும்பாலான சண்டைகள் தாமாகவே தீர்ந்துவிடும். நீங்கள் தொட வேண்டியது எந்தப் பக்கமும் 10 அடிக்கு மேற்படாத ஒரு பொருள். அது நாணயமாக இருந்தால் வீசலாம், அம்பாக இருந்தால் எய்யலாம், கூழாங்கல்லாக இருந்தால் கிணற்றில் போட்டு அது எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஒளிபுகாத ஒன்றால் முழுவதும் மூடினால் வெளிச்சம் மறையும். ஆனால் மந்திரம் முடியாது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை எங்கள் குழுவின் தங்கை ஒருவர், ஒளியேற்றிய நாணயத்தை மூடியுள்ள தகரடப்பாவில் போட்டுத் தன் கதாபாத்திரத்துக்கு ஒரு திருட்டு விளக்கு செய்துகொண்டார். மூடியைப் பாதி திறந்தால் என்ன ஆகும் என்பதை விதி சொல்லவில்லை. எனவே அறை விளக்கை அணைத்துவிட்டுக் காலி மைலோ டின்னுக்குள் கைப்பேசி வெளிச்சத்தை வைத்து, மூடியை மெல்ல நகர்த்திப் பார்த்தோம். சுவரில் ஒரு பிறை தோன்றி அகன்றது. மேசைக்கு அடியில் இருட்டு அப்படியே இருந்தது. திறந்த பக்கத்துக்கு மட்டுமே வெளிச்சம் என்று அன்றே தீர்ப்புச் சொன்னேன். இன்றும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஐயா, எதிரியின் கண்ணில் லைட்டைப் போட்டுக் குருடாக்கலாம் என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, அவர் ஆடிய காலம் வேறு. 1974இல் இந்த ஆட்டம் முதலில் வெளிவந்தபோது லைட் ஒரு முதல்நிலை மந்திரம். நாளுக்கு ஒரே ஒரு மந்திரம் வைத்திருந்த தொடக்கநிலை மந்திரவாதி அதை எடுத்தால், எதிரிகளைத் தூங்க வைக்கும் ஸ்லீப் மந்திரத்தை இழக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் விதிநூல், ஓர் உயிரின் முகத்தின் மீதே லைட்டைப் போட்டுப் பார்வையைத் தடுக்க இடம் தந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது கேன்ட்ரிப்களின் வரிசைக்கு இறங்கியது.

2014 விதிகளில் கண் ஒரு பொருள் அல்ல; எனவே குருடாக்க முடியாது. எதிரி அணிந்திருக்கும் தலைக்கவசத்தைத் தொடலாம். அவர் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சோதனையில் தப்பினால் மந்திரம் வீண், தப்பாவிட்டால் இருட்டில் பதுங்க முடியாதபடி நடமாடும் விளக்காகிவிடுவார். உங்கள் வில்லாளிக்கு அது பெரிய உதவி. பிறர் அணிந்த அல்லது ஏந்திய பொருளின் மீது லைட்டைப் போடவே முடியாது என்று 2024 திருத்தம் இந்த வழியை அடைத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே.

கேள்வி (காஜாங்): எதிரி இருளைப் பரப்பும் டார்க்னஸ் மந்திரத்தைப் போட்டதும் என் லைட் அணைந்துவிட்டதாக மாஸ்டர் சொன்னார். சரியா?

பதில்: சரியே. டார்க்னஸ் இரண்டாம்நிலை மந்திரம். இரண்டாம்நிலை அல்லது அதற்குக் கீழான மந்திரம் உண்டாக்கிய ஒளியின் பரப்பின் மீது டார்க்னஸின் பரப்பு சற்றே படிந்தாலும், ஒளியை உண்டாக்கிய மந்திரமே கலைந்துவிடும். டார்க்விஷனும் அந்த இருட்டைத் துளைக்காது. ஐம்பது பொற்காசு மதிப்புள்ள மாணிக்கத் தூளைச் செலவிட்டு உண்டாக்கும் கன்டினுவல் ஃபிளேம் என்னும் அணையாச் சுடருக்கும் இதே கதிதான் என்பதை மறக்க வேண்டாம். மூன்றாம்நிலை மந்திரமாகிய டேலைட்தான் உரிய மாற்று. அது அந்த இருட்டைக் கலைத்துவிடும்.

கேள்வி (பூச்சோங்): லைட் வேம்பயரைச் சுடுமா? நிறத்தை மாற்றலாமா?

பதில்: சுடாது, அது சூரிய ஒளி அல்ல. நிறம் உங்கள் விருப்பம்.

கேள்வி (கோல சிலாங்கூர்): லைட்டுக்கு மின்மினிப் பூச்சி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒன்று சாகுமா? எங்கள் ஊர்க்காரருக்கு இது சங்கடமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. கம்போங் குவாந்தானில் படகில் அமர்ந்து, பெரெம்பாங் மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னி அடங்குவதைப் பார்த்தவர் எவரும் அந்தப் பூச்சியைச் சிமிழில் அடைக்க விரும்பமாட்டார். நல்ல வேளையாக, விதி உங்கள் பக்கம் இருக்கிறது. மின்மினி அல்லது ஒளிரும் பாசி என்றுதான் எழுதப்பட்டுள்ளது. விலை குறிக்கப்படாத பொருள் என்பதால் மந்திரக்கோல் போன்ற ஃபோகஸ் ஒன்றே அதற்கு ஈடாகும். செலவாகிவிடும் என்றும் விதி சொல்லவில்லை. எங்கள் குழுவில் எல்லோரும் பாசிதான்.

கேள்வி (பத்துமலை வட்டாரம், புதிய மாஸ்டர்): ஆட்டக்காரர்கள் லைட்டைப் போட்டதும் என் குகையில் அச்சமே இல்லாமல் போகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் முழுக் குகையையும் வருணிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரின் 20 அடிக்கு 70 அடி மனையில் கட்டிய வரிசை வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். மின்வெட்டு இரவில் கேட்டருகே ஒருவர் லைட்டோடு நின்றால் கார் நிற்கும் இடம் தெளிவாகத் தெரியும். அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு நாற்காலியா ஆளா என்று பிரித்தறிய முடியாத மங்கல். பின்கட்டுச் சமையலறை முழு இருட்டு. ஐந்தடிக் கட்டங்கள் போட்ட வரைபடத்தில் நான்கு கட்டம் வெளிச்சம், அடுத்த நான்கு கட்டம் ஐயம், அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த நடு வளையத்தில் தெரிவதை "ஏதோ அசைகிறது" என்ற அளவுக்கு மேல் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: 40 அடிக்கு அப்பால் அவர்களால் பார்க்க முடியாது, ஆனால் நேர்க்கோட்டில் இருக்கும் எதிரி 300 அடிக்கு அப்பாலிருந்தும் அவர்களைப் பார்ப்பார். முன்பு பத்துமலையின் இருட்டுக் குகைக்குள் வழிகாட்டியோடு சென்றபோது, எங்கள் விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னார். கையை முகத்துக்கு முன் கொண்டுவந்தும் தெரியவில்லை. பின்னர் வெகு தொலைவில் வேறொரு குழுவின் விளக்கு ஒரு புள்ளியாக வளைவைத் தாண்டி வந்தது. அவர்களில் எத்தனை பேர், முன்னால் நடப்பவர் யார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. உங்கள் அடுத்த ஆட்டத்தில் கோப்லின்களை (குட்டி அரக்கர்களை) எங்கள் இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): இந்த மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதால், தமிழில் என்ன சொல்லலாம்?

பதில்: வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே முதன்மை, பதுங்கியிருக்கும்போது அந்தக் குரலே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். எங்கள் மேசையில் "சுடர்க" என்கிறோம். 2014 விதிப்படி ஓர் ஆக்‌ஷனை (தன் முறையில் செய்யும் ஒரு செயலை) செலவிட்டு ஒளியை நீக்கவும் முடியும்; அதற்குச் சொல் எதுவும் தேவையில்லை. இருந்தாலும் எங்கள் கிளெரிக்காக ஆடும் அக்கா, வீட்டில் சாமி விளக்கை "அணை" என்று சொல்லி வளராதவர். கேடயத்தின் மீது உள்ளங்கையை வைத்து "குளிர்க" என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் ஒளியை அமர்த்துகிறார்.