வெளிநாட்டுப் பொருளுக்குத் தடை, வரின்னு போட்டா சாதாரண ஜனங்களுக்கு என்ன பாதிப்பு?

கேள்விக்குக் கீழ "எந்த அரசாங்கமும் முதல்ல தன் சொந்த மக்களத்தான் பாக்கணும், அதுல என்ன தப்பு"ன்னு ஒரு வரி சேர்த்திருக்கீங்க. அந்த வரியாலதான் எழுதுறேன். நீங்க எல்லாமே உள்ளயே விளையுற பெரிய நாட்டுல இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நான் சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கு மேல வெளியிலேருந்துதான் வருது. ஜிஎஸ்டி தனி, ஆனா சுங்க வரின்னு பாத்தா மது, புகையிலை, வாகனம், பெட்ரோல் மாதிரி நாலஞ்சு சாமானுக்குத்தான். நாங்க பெருசா யாருக்கும் கதவ சாத்தல, அடுத்தவங்க சாத்தினா என்ன ஆகும்னுதான் எனக்குத் தெரியும். இறக்குமதித் தடைய கேட்டா இவன் ஏற்றுமதித் தடைய பேசுறானேன்னு சண்டைக்கு வராதீங்க, கதவு ஒண்ணுதான், எந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டாலும் வாங்குறவனுக்கு சாமான் வராது.

நானும் வீட்டுக்காரம்மாவும் ஈசூன்ல ஒரு கோப்பிக்கடையில (பல சாப்பாட்டு ஸ்டால் ஒண்ணா இருக்குற இடம்) சின்னதா பிரியாணி ஸ்டால் போட்டிருந்தோம். 2022 மே கடைசில மலேசியா சொல்லுச்சு, ஜூன் 1லேருந்து கோழி வெளிய போகாதுன்னு. மாசத்துக்கு 36 லட்சம் கோழி! இங்க வர்ற கோழில மூணுல ஒரு பங்கு அங்கேருந்துதான், அதுவும் பெரும்பாலும் உயிரோட லோரில வந்து இங்க வெட்டுறது. எனக்கு சப்ளை பண்றவர் மே 31 சாயங்காலம் போன் பண்ணி "நாளைலேருந்து பாக்காதீங்க அண்ணே"ன்னு மட்டும் சொன்னார், அவரைக் கோவிச்சு என்ன பண்றது.

பிரேசில் ஃப்ரோசன் கோழிக்கு மாறினோம். ஃப்ரோசன் மோசம்னு நான் சொல்லல, வீட்டுல நாங்களே சாப்பிடுவோம். ஆனா தம் பிரியாணி வேற கணக்கு. ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜ்ல ட்ரேல வச்சா காலைல அடியில ரெண்டு விரக்கடை ரத்தத் தண்ணி நிக்கும், அத வடிச்சு துடைச்சு மசாலா போட்டாலும் தம்ல மறுபடி தண்ணி விட்டுரும், அடி அரிசி குழைஞ்சு போயிரும். எலும்பு ஓரம் வேற கருத்துப் போயிருக்கும், வேகலன்னு நினைச்சு ரெண்டு பேரு தட்டோட திருப்பிக் கொண்டாந்தாங்க. தினம் காலைல டாக்சி ஷிஃப்ட் முடிச்சு வர்ற அங்கிள் ஒருத்தர் பாதி சாப்பிட்டு நிறுத்திட்டு "தம்பி, கோழி மாறிருச்சா"ன்னு மெதுவா கேட்டார். ஆமா அங்கிள்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் முட்டை பிரியாணிதான் வாங்கினார். ஒரு பிரியாணி அஞ்சரை வெள்ளிய (சிங்கப்பூர் டாலர்) ஆறு வெள்ளி ஆக்கினதும் அந்த மாசம்தான்.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். அம்பது காசுக்கு முகம் சுளிக்கிறவங்க பக்கத்துக் கடையில பபிள் டீக்கு ஏழு வெள்ளி எதுவும் பேசாம குடுப்பாங்க. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு வெங்காயம் உரிக்கிறவன் சாப்பாடு மட்டும் மலிவா இருக்கணும். 

சரி, "சொந்த மக்கள்"னு சொன்னீங்களே. என் வீட்டுக்காரம்மாவோட தம்பி மலேசியாவுல ஜொகூர் மாநிலத்துல கூலாய் பக்கம், கோழிப் பண்ணைக்கு லோரி ஓட்டிட்டு இருந்தான். மலேசியாக்காரன், நீங்க சொல்ற அதே சொந்த மக்கள்தான். உக்ரேன் சண்டையால மக்காச்சோளம், சோயான்னு தீவனம் விலை ஏறிக் கிடக்கு, உள்ளூர்ல கிலோ 8 ரிங்கிட் 90 காசுக்கு மேல விக்கக்கூடாதுன்னு உச்சவரம்பு, வெளிய விக்கவும் கூடாது. கோழிய அரிசி மூட்டை மாதிரி அடுக்கி வைக்க முடியுமா? நின்னாலும் தீனி தின்னும். முதலாளி அடுத்த வளர்ப்புக்குக் குஞ்சு எறக்குறத கொறைச்சிட்டார், இவனுக்கு சிங்கப்பூர் டிரிப் மொத்தமா போச்சு. ஜூன் நடுவுல கம்போங் கோழியும் (நாட்டுக்கோழி மாதிரி) கருங்கோழியும் மட்டும் வெளிய விட்டாங்க, அவங்க பண்ணையில அது கிடையாது. அங்க கோழிய வாங்குற குடும்பத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வளர்க்கிறவனும் லோரி ஓட்டுறவனும் சொந்த மக்கள் இல்லையா?

அடுத்த வருஷம் அரிசி. 2023 ஜூலை 20 இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிய நிறுத்துச்சு, இங்க லிட்டில் இந்தியா பக்கம் தேக்கால ஆளாளுக்கு மூட்டை தூக்குனாங்க. ஆகஸ்ட்ல பாஸ்மதியும் டன் 1200 அமெரிக்க டாலருக்குக் கீழ ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு வந்துச்சு, அது நேரா என் சட்டியில விழுந்த அடி. டிசம்பர்ல வெங்காயம். அதுக்கு நாசிக் பக்கம் விவசாயிங்களே ரோட்டுல உக்காந்தாங்க, பாருங்க. இங்க அரசாங்கத்தக் குறை சொல்லல, இறக்குமதி பண்றவங்க அரிசிய கையிருப்பு வச்சே ஆகணும்னு விதி இருந்ததால யாரும் பட்டினி கிடக்கல, ஆகஸ்ட் கடைசில இந்தியாவும் சிங்கப்பூருக்கு மட்டும் விடுறோம்னு சொல்லுச்சு. ஆனா பேப்பர்ல தடை எடுத்தாச்சுன்னு வந்த அன்னைக்கே மொத்தக் கடையில விலை எறங்கி நான் பாத்ததில்ல.

நானும் எறக்கல, அதையும் சொல்லிடுறேன். 2022 அக்டோபர் 11 மலேசியா கோழி திரும்ப வந்துச்சு, பழைய ருசியும் வந்துச்சு, டாக்சி அங்கிளும் கோழிக்குத் திரும்பிட்டார், போர்டுல ஆறு வெள்ளி ஆறு வெள்ளியாவே இருந்துச்சு. எண்ணெய், கேஸ், வாடகை எதுவும் எனக்கு எறங்கலையே. மச்சான் அதுக்குள்ள அங்கேயே ஜொகூர்ல பாசிர் கூடாங்ல ஒரு ஃபேக்டரில சேந்துட்டான். பண்ணையிலேருந்து ரெண்டு தடவ கூப்பிட்டாங்களாம், போகல.