பேண்ட் சோறு போடுமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் நீளமாக இருந்தாலும் அதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த பேண்ட் என் பையனுக்குச் சோறு போடுமா?" தம்பி மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார், நான்கு பேர் சேர்ந்த ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார், ஐந்து பாட்டு ரெக்கார்ட் செய்ய 80,000 ரூபாய் கேட்கிறார், கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார மாட்டேன் என்கிறார். அவருடைய அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பேண்ட் மட்டும் என்றால் பெரும்பாலும் போடாது. சொந்தப் பாட்டை மட்டும் வாசித்துக் குடும்பம் நடத்தும் ராக் குழுக்கள் தமிழ்நாட்டில் மிகமிகக் குறைவு. கல்லூரி முடிந்ததும் ஒருவர் வேலைக்காகப் பெங்களூர் போவார், ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், இன்னொருவர் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும், குழு கலையும். ஆனால் அந்தக் குழுவில் இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக உழைத்த பையனுக்குக் கைவந்த தொழில் கலையாது. சோறு போடுவது அதுதான். அதனால் கல்லூரியையும் விட வேண்டாம், பேண்டையும் விட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. "பெரிய ஆளாக வந்துவிடுவாயா?" என்று தம்பியிடம் கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இதுவரை எத்தனை பாட்டை முடித்திருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

முடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். வீட்டில் உங்கள் காதில் விழுவது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சத்தம் மட்டும்தான். ஒரு பாட்டு பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கும். கிட்டாரில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) கிடைக்கும், குழு சேர்ந்து வாசித்துப் பழகும் ஜாம் ரூமில் அதைச் சுற்றி டிரம்ஸ் சேரும். பேஸ் வாசிப்பவர் டிரம்மரின் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே போகும் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) அடித்தளம் போட வேண்டும். மேடையில் யாரும் பேஸ் வாசிப்பவரைப் பார்க்க மாட்டார்கள், அவர் தப்பாக வாசித்தால் மட்டும் மொத்தப் பாட்டும் ஆடிப்போகும். அப்புறம் வரிகள். ராக்கில் நான்கு எண்ணும் தாளத்தில் ஸ்னேர் என்ற டிரம்மின் அடி பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் விழும், தமிழோ குறில் நெடிலில் நடக்கும் மொழி. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்தால் கடல் காடலாகிவிடும். இதைச் சரிசெய்ய வரியை மாற்றுவதா, மெட்டை மாற்றுவதா என்று நான்கு பேர் உட்கார்ந்து வாதாடுவார்கள். சென்னையில் குரங்கன் போன்ற குழுக்கள் தமிழிலும், கேரளத்தில் அவியல் குழு மலையாளத்திலும் ராக் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பாட்டில் பேச்சு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. நான்கு பிடிவாதக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்து, அதை எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கும் வரை உழைப்பது சின்ன விஷயமில்லை. எந்த வேலைக்குப் போனாலும் இது உதவும்.

ஆனால் ஜாம் ரூமோடு நின்றுவிடும் குழுக்கள்தான் அதிகம். முக்கால்வாசி வந்த பத்துப் பாட்டு இருக்கும், முடிந்த பாட்டு ஒன்றுகூட இருக்காது. தம்பியின் குழு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த 80,000 ரூபாயைப் பற்றி: ஐந்து பாட்டுக்கு வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். ஸ்டுடியோவில் பணம் மணிக்கணக்கிலோ கால்ஷீட் கணக்கிலோ ஓடும். அங்கே உட்கார்ந்து "இந்த இடத்தில் என்ன வாசிக்கலாம்?" என்று யோசிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. எனவே யோசிப்பதையெல்லாம் வெளியே முடித்துவிட வேண்டும். போனில் டெமோ எடுத்து, பாட்டின் வேகத்தை எண்ணாகக் குறித்து, வேகம் தப்பாமலிருக்கக் காதில் ஓடவிடும் கிளிக் சத்தத்தோடு தடுமாறாமல் வாசிக்கப் பழக வேண்டும். கிளிக்கோடு வாசிக்க வராத டிரம்மரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். நல்ல அறையும் நிறைய மைக்கும் உண்மையில் தேவைப்படுவது டிரம்ஸுக்குத்தான். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, டாம் என்ற மற்ற டிரம்களுக்குத் தனித்தனி, மேலே இரண்டு என்று வைத்துப் பிடிக்க வேண்டும். பேஸ் கிட்டாரை வீட்டிலேயே ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இணைப்புக் கருவி வழியாகக் கணினியில் ஏற்றலாம். கிட்டாரையும் பெரும்பாலும் அப்படிச் செய்யலாம். குரலுக்குச் சத்தமில்லாத ஓர் அறை கிடைத்தால் போதும். ஆகவே ஒருநாள் ஸ்டுடியோவில் டிரம்ஸ், மீதி வீட்டில், கடைசியில் எல்லா ஒலியையும் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்குக்கும், இறுதிமெருகு போடும் மாஸ்டரிங்குக்கும் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுப்பது. இப்படிப் போனால் செலவு வெகுவாகக் குறையும், தம்பிக்கு ரெக்கார்டிங் வேலையும் கைவரும். செலவை நான்கு வீடும் சமமாகப் பங்கு போடட்டும். அவரவர் பங்கில் ஒரு பகுதியாவது அவரவர் ஷோ வாசித்துச் சம்பாதித்ததாக இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குழு பிரிந்தபின் யாரிடம் ஃபைல் இருக்கிறது என்று தேடித் திரியும் பையன்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து, பாட்டை வெளியிடும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியது. இதை நான் மிக அழுத்திச் சொல்கிறேன். பாட்டின் இசை யாருடையது, வரிகள் யாருடையவை, எத்தனை சதவீதம் யாருக்கு என்று எழுதி நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். நண்பர்களுக்குள் எதற்கு என்பார்கள். நண்பர்களாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும். இங்கிலாந்தின் புரோகால் ஹாரம் குழு 1967-இல் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற பாட்டை வெளியிட்டது. உலகமே அடையாளம் கண்டுகொண்ட அதன் ஆர்கன் இசையை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டை உருவாக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து அவர் வழக்குத் தொடுத்தார். இசையுரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்று 2006-இல் தீர்ப்பு வந்தது. அது மேல்முறையீட்டுக்குப் போய், 2009-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்ற பிறகுதான் முடிந்தது. குவீன் குழுவும் யார் பாட்டு என்ற சச்சரவைக் கண்டதுதான். 1989-இல் வந்த ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டையும் குழுவின் பெயரிலேயே போடுவது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். பேஸ் வாசிக்கும் உங்கள் மகனுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ரிஃப் போட்டவர் பெயரும் வரி எழுதியவர் பெயரும் தானாக வந்துவிடும், அடித்தளம் போட்டவர் பெயர்தான் விட்டுப்போகும்.

நம் சட்டமும் தெரிந்திருக்கட்டும். பாட்டின் காப்புரிமை அதை உருவாக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை வாய்வார்த்தையில் யாருக்கும் கொடுத்துவிட முடியாது, கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எவ்வளவு காலம் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, பாட்டை ஒரு நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள சமபங்கைப் பறிக்க முடியாது. அந்தப் பங்கை வசூலித்துத் தருவதற்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. பாட்டு வெளியானதும் தம்பி அதில் உறுப்பினராகட்டும். ஸ்ட்ரீமிங் வருமானத்தை இப்போதைக்குப் பெரிதாக எண்ண வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு, 2024 முதல் அந்தப் பணமே கிடையாது.

சரி, சோற்றுக்கு வருவோம். பேண்ட் வாசிக்கும் பையன்கள் சம்பாதிப்பது கவர் பாட்டு (பிறருடைய பிரபலமான பாட்டு) வாசிக்கும் ஷோக்களில், கல்யாண வரவேற்புகளில், நிறுவன விழாக்களில், மற்றவர்கள் பாட்டுக்கு ஸ்டுடியோவில் வாசிப்பதில், கிட்டார் வகுப்பு எடுப்பதில். வகுப்பு எடுக்க விரும்பினால் டிரினிட்டி அல்லது ராக்ஸ்கூல் தேர்வுகளில் எட்டாம் கிரேடு வரை போவது நல்லது, பள்ளிகளில் கேட்பார்கள். ரெக்கார்டிங்கிலேயே மனசு போனால், புனேயின் திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே கல்லூரியிலும் ஒலிப்பதிவுக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதில் சேரப் பட்டம் வேண்டும், எனவே பி.இ. வீண்போகாது. வாசிப்பைச் சென்னையில் முறையாகக் கற்க கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது.

இன்னொரு வழியைப் பலரும் யோசிப்பதில்லை. வாகன நிறுவனங்களில் என்.வி.எச். என்றொரு பிரிவு உண்டு. வண்டியின் இரைச்சலையும் அதிர்வையும் அளந்து குறைப்பது அவர்கள் வேலை. சென்னையைச் சுற்றி ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மெக்கானிக்கல் படித்து, அதிர்வெண்ணைக் காதால் பிரித்தறியும் பழக்கமும் இருக்கும் பையனுக்கு இது இயல்பாகப் பொருந்தும். இறுதியாண்டு பிராஜெக்டை ஒலியியலில் எடுக்கச் சொல்லுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ வேண்டாம் என்பவரிடம் நான் முதலில் பேசப்போவது இதைத்தான்.

வேலையில் இருந்துகொண்டே பேண்ட் நடத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரின் அகம் குழுவைத் தம்பிக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். அதில் பாடும் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பிட்ஸ் பிலானியில் படித்தவர், மென்பொருள் நிறுவனங்களில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் பாடியவர். சந்தோஷ் நாராயணன் பொறியியல் படித்தவர், ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்தவர், அப்புறம்தான் 2012-இல் 'அட்டகத்தி' மூலம் இசையமைப்பாளரானார். ஏ.ஆர். ரகுமானும் இளம்வயதில் சென்னையின் ராக் குழு ஒன்றில் இருந்தவர்தான். இந்தப் பெயர்களைத் தைரியத்துக்காகச் சொல்லவில்லை. வென்றவர்களின் பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். இவர்கள் பெயர் பெறும் முன்பே கையில் ஒரு தொழிலையும் வளர்த்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லூரி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 75 சதவீத வருகை கட்டாயம். ஷோவுக்கு வெளியூர் போகும் தேதிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, வருகைக் கணக்கைத் தம்பியே பார்த்துக்கொள்ள வேண்டும். அரியர் விழுந்தால் முதலில் அதை முடிக்கட்டும், ரெக்கார்டிங் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போகட்டும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸும், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் சேர்ந்தால் அதைத் தாண்டுவது சுலபம். ஒருமுறை போன கேட்கும் திறன் திரும்பாது. இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பான் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ரெக்கார்டிங் பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது. அம்மா வாங்கிக் கொடுத்தால் போட்டுக்கொள்வார்.

தம்பியின் அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். பேச்சை நிறுத்திய வீட்டில் பையன்கள் கல்லூரி விஷயத்தையும் சேர்த்து மறைக்கத் தொடங்குவார்கள். திட்டுவதென்றால் திட்டட்டும், பேசட்டும். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாம் ரூமுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கூட வாசிக்கும் மூன்று பேரும் யார், எப்படிப்பட்டவர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் மூவருமாக வாருங்கள். தம்பி தன் பாட்டுகளில் மிகவும் முடிந்த நிலையில் இருப்பதன் டெமோவையும், ரெக்கார்டிங் செலவை இனம் இனமாக எழுதிய தாளையும், இதுவரை எழுதிய தேர்வுகளின் மதிப்பெண் பட்டியலையும் கொண்டுவரட்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி அதற்கு முன்னால் வந்தால் இப்போதைக்குப் பெயரைக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். போவதா வேண்டாமா என்பதை நாம் உட்கார்ந்து பேசியபின் முடிவு செய்யலாம்.