கிட் லென்ஸுக்கு அடுத்து வாங்கும் முதல் பிரைம் லென்ஸ் 24, 35, 50 மி.மீ. ஆகியவற்றுள் எதுவாக இருக்க வேண்டும்?

கேனன் 1500டி கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் வைத்திருப்பதாகவும், வீட்டு விசேஷங்கள், ஊர்த் திருவிழா, கடைத்தெரு ஆகியவற்றையே பெரும்பாலும் படம் எடுப்பதாகவும், விசாரித்த அனைவரும் 50 மி.மீ. லென்ஸை வாங்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேமராவுக்கும் நீங்கள் எடுக்கும் படங்களுக்கும் 24 மி.மீ. லென்ஸே முதலில் பொருந்தும் என்பது என் கருத்து. (பிரைம் என்பது ஜூம் இல்லாத லென்ஸ். மி.மீ. எண் அதன் குவியத் தூரம், எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்.) 50 மி.மீ. லென்ஸ் என்னிடமும் இருக்கிறது. அதை விரும்பியே பயன்படுத்துகிறேன். ஆயினும் அந்த எண்ணுக்குக் கிடைத்திருக்கும் புகழ் உங்கள் கையில் இருப்பதைவிடப் பெரிய சட்டகம் கொண்ட கேமராக்களில் ஈட்டப்பட்டது என்பதை, பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1925-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்ஸிக் வணிகக் கண்காட்சியில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கேமரா அறிமுகமானபோது அதில் பொருத்தப்பட்டிருந்தது, மாக்ஸ் பெரெக் உருவாக்கிய 50 மி.மீ. லென்ஸ். அந்தக் கேமராவில் பதிவாகும் ஃபிலிம் சட்டகம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது, அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. ஆகும். சட்டகத்தின் மூலைவிட்டத்தை ஒட்டிய குவியத் தூரம் உடைய லென்ஸையே இயல்பான பார்வை தரும் லென்ஸ் என்று ஒளிப்படத் துறையில் குறிப்பிடுவார்கள். 50 அதற்கு அருகில் இருந்தது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸில் எடுத்தார். பின்னர் வந்த ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராக்களோடு கடையில் சேர்த்துக் கொடுக்கப்பட்டதும் அநேகமாக 50 மி.மீ. லென்ஸ்தான் என்பதால், ஒரு தலைமுறை முழுவதும் அதில்தான் படம் எடுக்கப் பழகியது. முதலில் 50 வாங்கு என்ற அறிவுரை அவர்களிடமிருந்து வந்தது, அவர்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியானது.

உங்கள் 1500டி கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் சென்சார் 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் கொண்டது. மூலைவிட்டம் 27 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், பழைய ஃபிலிம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு மட்டுமே காட்சி சட்டகத்துக்குள் வரும். கார்ட்டியே-பிரெஸ்ஸோன் கண்ட அகலம் உங்கள் கேமராவில் வேண்டுமென்றால் 31 மி.மீ. அளவில் ஒரு லென்ஸ் தேவைப்படும். கடையில் கிடைப்பவற்றுள் 35 மி.மீ. அதைவிடச் சற்றுக் குறுகிய காட்சியையும் 24 மி.மீ. சற்று அகலமான காட்சியையும் தரும், ஃபிலிம் கணக்கில் 24 என்பது ஏறக்குறைய 38.

இந்த எண்களை விட்டுவிட்டு வீட்டுக் கூடத்துக்கு வருவோம். எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு அகலம் தெரியும் என்பதைக் காண, தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் போதும். நம் வீடுகளில் கூடம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு அடிக்குள் அடங்கிவிடும். சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எதிரில் இருப்பவர் இரண்டரை மீட்டர் தூரத்தில்தான் இருப்பார். அந்த நிலையில் 50 மி.மீ. லென்ஸோடு கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 1.1 மீட்டர் உயரம் மட்டுமே பதிவாகும், அதாவது நிற்பவரின் தலையிலிருந்து தொடை வரை. புதுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கும் அக்காவை முழுதாக எடுக்க முடியாது. கிடைமட்டமாகப் பிடித்துக் குடும்பத்தார் ஐந்தாறு பேரைச் சேர்த்து எடுக்கவும் வழியில்லை. அதே இடத்தில் 24 மி.மீ. லென்ஸ் 2.3 மீட்டர் உயரத்தைக் காட்டும். ஆள் முழுதாக வருவார், காலடியில் இருக்கும் கோலமும் தலைக்குமேல் கட்டிய தோரணமும்கூட வரும்.

கடைத்தெருவில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும், அதை எழுதத்தான் எனக்கு அதிக விருப்பம். டீ மாஸ்டர் ஒருவர் கையை உயர்த்தி டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையின் மேசையருகே ஒன்றரை மீட்டரில் 24 மி.மீ. லென்ஸோடு நின்றால், 1.4 மீட்டர் அகலமும் 93 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட காட்சி கிடைக்கும். அவருடைய முகம், உயர்ந்த கை, குவளையிலிருந்து குவளைக்கு இறங்கும் டீ, பக்கத்தில் ஆவி பறக்கும் பாய்லர், அடுக்கிய கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் ஒரே படத்தில் சேரும். அங்கேயே நின்று 50 மி.மீ. லென்ஸில் பார்த்தால் முகமும் தோளும் நிரம்பிவிடும். டீ ஆற்றும் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். அதே காட்சியை 50-இல் எடுக்க அவரிடமிருந்து மூன்று மீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்துக்குப் பின்வாங்க வேண்டும். மூன்று மீட்டர் தூரம் என்பது நம் ஊர்க் கடைத்தெருவில் சாலையின் நடுப்பகுதி. உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருசக்கர வாகனங்களும் டீ குடிக்க வந்தவர்களின் முதுகுகளும்தான் இருக்கும்.

தூரம் படத்தின் இயல்பையும் மாற்றுகிறது. அருகில் இருப்பது எவ்வளவு பெரிதாகவும் பின்னால் இருப்பது எவ்வளவு சிறிதாகவும் தெரியும் என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம். லென்ஸ் அதில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்று சொல்லப்படுவதற்குக் காரணம், முகத்தை மட்டும் சட்டகத்தில் நிரப்புவதற்காக அரை மீட்டருக்குள் போய் நிற்பதுதான். ஒன்றரை மீட்டரில் நின்று, ஆளையும் அவர் செய்யும் வேலையையும் சேர்த்து எடுக்கும்போது அந்தக் குறை தோன்றுவதில்லை. அந்தத் தூரத்தில் நிற்பவரை டீ மாஸ்டர் கவனிப்பார், யார் என்று கேட்பார், ஓரிரு வார்த்தை பேசிய பிறகு தம் வேலையைத் தொடர்வார். அந்தப் பழக்கத்தினால் படத்தில் வரும் இயல்பு, எதிர்ச் சாரியில் நின்று எடுக்கும் படத்தில் வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

50 மி.மீ. லென்ஸின் பக்கத்து நியாயத்தையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் விலை குறைந்த லென்ஸ்களுள் ஒன்று; உங்கள் கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு நீட்டும்போது அதன் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம், எஃப் எண் கூடினால் துவாரம் சிறிது) எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும் என்பதோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு, கூடினால் படம் புள்ளிபுள்ளியாகும்) 6400 வைக்க வேண்டிய இடத்தில், அதே ஷட்டர் வேகத்தில், இதில் 650 அளவு போதும். இரவில் சுவாமி புறப்பாட்டின்போது ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து பல்லக்கில் வரும் உற்சவரை எடுக்க இதுவே சரியான லென்ஸ். அந்தத் தூரத்தில் காட்சியின் அகலம் 2.2 மீட்டர், அலங்காரம் முழுவதும் அடங்கும். குழந்தையின் முகத்தை மட்டும் எடுத்துப் பின்னணியை மங்கலாக்கவும் இதற்கு நிகரில்லை. ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின்மீது வைக்கப் பழக வேண்டும். முகங்களே உங்கள் முதன்மை நாட்டம் என்றால் இந்தப் பதிலின் மற்ற பகுதியை ஒதுக்கிவிட்டு 50-ஐயே வாங்குங்கள்.

24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் ஒளியின் ஆதாயம் சிறியது என்பதையும் மறைக்கக் கூடாது. கிட் லென்ஸ் 24-இல் எஃப் 4 அளவில் திறப்பதால், அதைப்போல இரு மடங்கு ஒளிதான் கிடைக்கிறது. கிட் லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு வசதியும் இதில் கிடையாது. அசையாத பொருளை மங்கிய ஒளியில் எடுக்கும்போது கிட் லென்ஸே சில நேரம் மேலாக இருக்கும். இதன் பெருமை வேறு: எடை 125 கிராம், கேமராவின் முன்னால் 23 மி.மீ. மட்டுமே நீளும், பொருளுக்கு 16 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். கேமரா சிறிதாகத் தெரிவதால் எதிரில் இருப்பவரும் கூச்சப்படுவதில்லை. ஒளியும் வேண்டும், இயல்பான அகலமும் வேண்டும் என்றால் சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 இருக்கிறது, விலையும் எடையும் கூடுதல், ஆனால் உங்கள் சென்சாரில் பழைய 50-இன் பார்வையை அதுதான் ஏறத்தாழ அப்படியே தருகிறது. நிக்கானின் சிறிய சென்சார் வகையான டிஎக்ஸ் கேமரா வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தத் தடுமாற்றமே தேவையில்லை. 2009 முதல் கிடைக்கும் 35 மி.மீ. எஃப் 1.8ஜி அவர்களுக்குப் போதும். பழைய ஃபிலிம் சட்டக அளவுக்குச் சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவாக இருந்தால் 50 பற்றிய பழைய அறிவுரை அப்படியே பொருந்தும். 85 மி.மீ. லென்ஸை உங்கள் கேமராவுக்கு முதல் லென்ஸாக யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

என் சொல்லை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம்; சோதித்துப் பார்க்கும் கருவி உங்களிடமே இருக்கிறது. கிட் லென்ஸின் வளையத்தை 24 என்ற குறியில் வைத்து, நகராதபடி காகித டேப் ஒட்டி, ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 35, அதற்கடுத்து 55 என்ற குறிக்குச் சற்று முன்னால். ஜூம் செய்ய முடியாதபோது எந்த எண்ணில் கால்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போகின்றன, எந்த எண்ணில் அடிக்கடி சுவரில் முட்டுகிறீர்கள் என்பது விரைவில் தெரிந்துவிடும். பழைய படங்களை லைட்ரூம் அல்லது டிஜிகேம் மென்பொருளில் குவியத் தூரத்தின்படி பிரித்துப் பார்ப்பதும் நல்ல வழி, ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு: 18-இலும் 55-இலும் படங்கள் குவிந்திருந்தால் அவை உங்கள் விருப்பம் என்று பொருளாகாது, வளையம் அதற்குமேல் திரும்பாமல் நின்ற இடங்கள் அவை. நீங்கள் அச்சிட்டு ஆல்பத்தில் வைத்த படங்களையும், பிறர் கேட்டு வாங்கிக்கொண்ட படங்களையும் மட்டும் தனியே எடுத்து, அவை எந்த எண்ணில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள்.

பின்னாளில் ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் சிறிய சென்சாருக்கென்றே கேனன் செய்த 24 மி.மீ. இஎஃப்-எஸ் லென்ஸ் அதில் பொருந்தாதே என்று ஒருவர் தடுத்ததாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். கேனனின் ஃபுல் ஃப்ரேம் எஸ்எல்ஆர் கேமராக்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். இன்னும் வாங்காத கேமராவுக்காக இன்றைய லென்ஸைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை. இந்த லென்ஸ்களைப் பிறகு விற்பதும் கடினமன்று. நீங்களும் பயன்படுத்திய லென்ஸையே வாங்குவதாக இருந்தால், முன்பக்கத்திலிருந்து கைப்பேசியின் விளக்கை அடித்துப் பின்பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். கடற்கரை ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். கண்ணாடிக்குள் ஒட்டடை இழைகள் போல ஏதேனும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தூசி ஓரிரண்டு இருப்பதால் கெடுதலில்லை. பிறகு அதை உங்கள் கேமராவிலேயே பொருத்தி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாகச் சில படங்கள் எடுத்து, ஃபோகஸ் தயங்காமல் விழுகிறதா, நான்கு ஓரங்களும் ஒரே அளவு தெளிவோடு இருக்கின்றனவா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.