ராம் 2500-க்கு 35 அங்குல டயர் போடலாமா?

டெக்சாஸ் கோடையில் 5 டன் ட்ரெய்லர் இழுக்கும் ராம் 2500 பிக்கப் ட்ரக்கில் 18 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 35×12.50 ஆர்20 டயர் (35 அங்குல உயரம், 20 அங்குல வீல்) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். டயர் பெரிதானால் அதிகம் தாங்கும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ். வண்டியோடு வரும் எல்டி275/70 ஆர்18 டயர் ஈ ரேஞ்ச் (ரேஞ்ச் என்பது டயரின் பலத்தைச் சொல்லும் எழுத்து); அதில் தாங்கு எடையைக் குறிக்கும் எண்ணான லோடு இண்டெக்ஸ் 125, அதாவது 80 பிஎஸ்ஐ காற்றில் ஒன்று 1650 கிலோ தாங்கும்; அந்த 35-இல் ஈ ரேஞ்ச் என்றால் 121, 65 பிஎஸ்ஐ-யில் 1450 கிலோதான். பின் அச்சின் இரண்டு டயரிலும் சேர்த்து 400 கிலோ போச்சு, ட்ரெய்லரின் மூக்கு எடை (அதன் முன்முனை வண்டியை அழுத்தும் எடை) வந்து உட்காருவதும் அங்கேதான்.

35தான் வேண்டுமென்றால் ஈ-யைவிட ஒரு படி பலமான எஃப் ரேஞ்ச் தேடுங்கள். அப்புறம் வீலின் உள்பக்கம் பொறித்திருக்கும் தாங்கு எடையையும் பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை.

காற்றும் முக்கியம்: நான் ஒருமுறை குறைந்த காற்றில், 55 பிஎஸ்ஐ-யிலேயே பாரம் இழுத்தேன். பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கம் நெளிந்தது, இறங்கித் தொட்டால் டயரின் பக்கச் சுவரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. வண்டியோடு வந்த டயருக்கு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தைப் பார்த்து, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பிடியுங்கள். புது வீல் மாட்டி 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ரெஞ்ச்) மறுபடி சரிபாருங்கள்.