கன்று ஈன்றபின் வரும் நோய்ச் செலவைக் காப்பீடு தாங்குமா?

கேள்வி: நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சென்ற ஈற்றில் ஒன்றுக்குப் பால் காய்ச்சல் (ஈன்றவுடன் இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) வந்தது. மற்றொன்றுக்கு நஞ்சுக்கொடி விழாமல் கருப்பையில் சீழ் பிடித்தது. கடன் வாங்கித்தான் வைத்தியம் பார்த்தேன். இன்னும் மூன்று மாதத்தில் இரண்டும் மீண்டும் ஈன இருக்கின்றன. காப்பீடு எடுத்தால் இந்தச் சுமை தீருமா?

பதில்: தீராது. கால்நடைக் காப்பீடு பொதுவாக மாடு இறந்தால் இழப்பீடு தரும். சில பாலிசிகள் நிரந்தர ஊனத்துக்கும் தரும். மருத்துவச் செலவும் பால் இழப்பும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. மாட்டின் மதிப்பைக் காக்க அதை எடுங்கள். வைத்தியச் செலவுக்கு நம்பாதீர்கள்.

நீங்கள் கணக்கில் எழுதியிருப்பது மருத்துவருக்குக் கொடுத்த தொகை மட்டுமே என்று நினைக்கிறேன். பெரிய நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் வரும் உச்சக் கறவையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குறைந்தால், அந்த ஈற்று முழுவதிலும் ஏறத்தாழ 200 லிட்டர் குறையும் என்பது பண்ணைக் கணக்கு. கருப்பை ஆறாத மாடு சினை பிடிக்கவும் தாமதமாகும். தவறும் ஒவ்வொரு சினைப்பருவத்துக்கும் 21 நாள் தீவனச் செலவு கூடும். ஆன்டிபயாடிக் போட்டிருந்தால், மருத்துவர் குறிப்பிட்ட நாள்வரை பாலை விற்கவும் முடியாது.

ஆகவே, ஈனுவதற்கு முந்தைய 60 நாள் வற்றுக்காலத்தில்தான் பணத்தைப் போடச் சொல்வேன். பால் வருமானம் இல்லையே என்று பலர் தீவனத்தைக் குறைப்பதும் அப்போதுதான். அதற்காக, ஈனுமுன் கால்சியத்தை அள்ளிக் கொடுப்பதும் தவறு; எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கம் உடலுக்கு மந்தப்பட்டு, ஈன்றவுடன் பால் காய்ச்சல் வரும் வாய்ப்பு கூடிவிடும். என்ன தாது உப்பு, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஆலோசனைக் கட்டணம் வீண் செலவு ஆகாது.

ஒரு மாட்டுக்கான அவசரச் சிகிச்சைத் தொகையை இப்போதே ரொக்கமாக ஒதுக்கி வையுங்கள். பால் காய்ச்சலில் படுத்த மாடு சில மணி நேரம் கவனிப்பின்றிக் கிடந்தாலே, தன் எடையில் நசுங்கிய தசை கெட்டு எழ முடியாமல் போகலாம். கடன் கேட்டு அலைய அப்போது நேரம் இருக்காது. ஒருமுறை பால் காய்ச்சல் வந்த மாட்டுக்கு அடுத்த ஈற்றிலும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த இருப்பு முதலில் அந்த மாட்டுக்கானது. பழைய கடனை இரண்டும் ஈன்றபின் வரும் பால் பணத்தில் அடையுங்கள். அதுவரை ஐந்தாவது மாடு வாங்கும் யோசனை வேண்டாம்.