வாசகர் கேள்வி – பதில்: லார்டு துணை நிரலுக்கு நிறுவல் கோப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: புல்லட்டின் போர்டு (பலர் தம் கணினியிலிருந்து இணைந்து செய்தி பரிமாறி ஆடும் பொதுக் கணினி அமைப்பு, சுருக்கமாகப் பலகை) விளையாட்டான ‘லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன்’, அதாவது லார்டு ஆட்டத்துக்கு ஒரு துணை நிரல் எழுதியிருக்கிறேன். என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. பலகை நடத்தும் நண்பர்கள் இருவருக்கு அனுப்பியபோது, ஒருவருடைய மெனுவில் என் நிரலின் பெயரே வரவில்லை. மற்றவரிடம் ஏற்கெனவே இருந்த துணை நிரல்கள் எல்லாம் காணாமல் போயின. தவறு நிரலிலா, நிறுவல் கோப்பிலா?

பதில்: தவறு நிறுவலில்தான் இருக்க வேண்டும். சேத் ஏபிள் ராபின்சன் 1989இல் உருவாக்கிய லார்டு, வெளியார் எழுதும் துணை நிரல்களுக்கு இடம் கொடுத்த ஆட்டம். அவற்றை ஐஜிஎம் (இன்-கேம் மாட்யூல்) என்பார்கள். ஆட்டக்காரர் ‘மற்ற இடங்கள்’ மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், லார்டு அவருடைய பதிவு எண் முதலான விவரங்களை ‘இன்ஃபோ’ என்ற கோப்பில் எழுதி, நோட் எண்ணையே (ஒரே நேரத்தில் இணைந்துள்ளோரைப் பிரித்தறியப் பலகை தரும் இணைப்பு எண்) அதன் பின்னொட்டாக வைத்து, உங்கள் நிரலை அழைக்கிறது. எந்த நிரலை அழைப்பது என்பது லார்டு ஃபோல்டரில் உள்ள ‘3ஆர்டிபார்ட்டி.டாட்’ என்ற சாதாரண உரைக்கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் அதில் இரண்டு வரிகள். கீழே தமிழில் தருகிறேன், கோப்பில் இவை ஆங்கில எழுத்திலேயே இருக்க வேண்டும்:

சி:\லார்டு\சத்திரம்\சத்திரம்.இஎக்ஸ்இ *
`2பழைய சத்திரம்

முதல் வரி, நிரல் இருக்கும் இடமும் அதை இயக்கும் கட்டளையும். நட்சத்திரக் குறி இருக்கும் இடத்தில் லார்டு நோட் எண்ணை இட்டுக்கொள்ளும். இரண்டாம் வரி மெனுவில் தெரியும் பெயர். அதன் முன்னுள்ள பேக்டிக் குறியும் எண்ணும் நிறத்தைக் குறிப்பவை, 2 என்றால் கரும்பச்சை. அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள்.

இந்தக் கோப்பு உங்களுடையது அன்று. பலகை நடத்துபவருடையது, அவர் நிறுவிய எல்லா நிரல்களுக்கும் பொதுவானது. இரண்டாம் நண்பருக்கு நேர்ந்தது, உங்கள் நிறுவி (நிரலை நிறுவித் தரும் சிறு நிரல்) இந்தக் கோப்பைச் சேர்த்து எழுதும் முறையில் திறக்காமல் புதிதாக எழுதும் முறையில் திறந்ததால்தான் இருக்கும். டர்போ பாஸ்கலில் ‘அப்பெண்ட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ரீரைட்’ என்று இருந்தால் போதும், பழைய வரிகள் அத்தனையும் போய்விடும்.

முதல் நண்பரின் சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. அவருடைய கோப்பின் கடைசி வரி வரிமுறிவு இல்லாமல் முடிந்திருந்தால், உங்கள் கட்டளை வரி முந்தைய நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உங்கள் பெயர் வரி கட்டளையாகப் படிக்கப்பட்டு, இணை இல்லாமல் நிற்கும். பழைய டாஸ் எடிட்டர்கள் சில, கோப்பு முடிந்தது என்று காட்டும் கண்ட்ரோல்-இசட் குறியைக் கடைசியில் வைப்பதும் காரணமாகலாம். லார்டு டர்போ பாஸ்கலில் எழுதப்பட்டது. அந்த மொழி உரைக்கோப்பை இந்தக் குறிவரைதான் படிக்கும், அதற்குப் பின்னால் எது இருந்தாலும் அதற்குத் தெரியாது. பாஸ்கலின் ‘அப்பெண்ட்’ கடைசி 128 பைட்டுகளுக்குள் இந்தக் குறியைக் கண்டால் அதன்மேலேயே எழுதிவிடும். சி மொழியில் சேர்த்து எழுதும்போதோ குறி அப்படியே நின்று, உங்கள் வரிகள் அதற்குப் பின்னால் மறைந்துபோகலாம். ஆகவே எழுதுவதற்கு முன் கோப்பின் கடைசி சில பைட்டுகளைப் படித்துப் பாருங்கள்: குறி இருந்தால் நீக்குங்கள், வரிமுறிவு இல்லையென்றால் ஒன்றைச் சேருங்கள்.

இனி நீங்கள் கேட்ட நிறுவல் கோப்பு, அதாவது நிறுவி படிக்கும் கோப்பு. அதில் கட்டளைகளை அடுக்காமல் தகவல்களை மட்டும் எழுதும்படி வற்புறுத்துவேன்: நிரலின் பெயர், பதிப்பு, இயக்கக் கோப்பின் பெயர், மெனு வரி, உடன் வர வேண்டிய தரவுக் கோப்புகள், புதிதாக உருவாக்க வேண்டியவை. ‘சி:\லார்டு’ என்ற பாதையை மட்டும் எழுதவே கூடாது, ஏனென்றால் அது உங்கள் கணினியின் பாதை. அடுத்தவர் ‘டி’ டிரைவில் வேறு பெயருள்ள ஃபோல்டரில் வைத்திருப்பார். பாதையை நிறுவியே கேட்டுப் பெற்று, அங்கே ‘பிளேயர்.டாட்’ இருக்கிறதா என்று பார்த்த பிறகு மேலே செல்லட்டும். பெயர்கள் எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து என்ற டாஸ் வரம்புக்குள் இருக்கட்டும். அதே நிரல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மறுபடி சேர்க்க வேண்டாம். ஒப்பிடும்போது பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தக் கூடாது. எழுதுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுப்பது கட்டாயம்.

கேள்வி: சிங்க்ரோநெட் என்ற பலகை மென்பொருளில் ‘இன்ஸ்டால்-எக்ஸ்டிஆர்என்.ஐஎன்ஐ’ என்ற கோப்பு வைத்தாலே நிறுவிவிடலாம் என்கிறார்களே, அது இதற்கு மாற்றாகுமா?

பதில்: ஆகாது, இரண்டும் வெவ்வேறு படிகள். அந்தக் கோப்பு பலகைக்கு ஒரு டோர் விளையாட்டை, அதாவது பலகையிலிருந்து இயக்கப்படும் தனி விளையாட்டை, அறிமுகப்படுத்துகிறது: மேலே பெயர், விளக்கம், ஆசிரியர், அதன்பின் ‘ப்ராக்’ என்ற பகுதியில் உள்குறியீடு, பெயர், இயக்கக் கட்டளை. உங்கள் துணை நிரலோ பலகைக்குத் தெரிய வேண்டியதே இல்லை. லார்டுக்குத் தெரிந்தால் போதும். அதைத் தனி விளையாட்டாகப் பலகையில் பதிந்தால், லார்டு எழுதித் தரும் இன்ஃபோ கோப்பு இல்லாமல் நிரல் தொடங்கும். யார் ஆடுகிறார் என்பதே அதற்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோப்பின் அமைப்பு தெளிவானது, உங்கள் தகவல் கோப்புக்கு அதை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

கேள்வி: நீக்குவதற்குத் தனி நிரல் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். தகவல்களை மட்டும் எழுதச் சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கும்: எதைச் சேர்த்தோம் என்பது ஒரே இடத்தில் இருப்பதால், அதே நிறுவி அதே கோப்பைப் படித்து உங்கள் இரு வரிகளை மட்டும் எடுத்துவிட முடியும். இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்று தங்கிவிட்டாலும் கீழுள்ள எல்லா நிரல்களின் பெயரும் கட்டளையும் இடம் மாறிவிடும். ஆட்டக்காரர்கள் உங்கள் நிரலில் சேர்த்துவைத்த தரவு மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்ததாக இருக்கக்கூடும். பலகை நடத்துபவரைக் கேட்காமல் அதை அழிக்காதீர்கள்.