துபாயில் வீடு வாங்க நினைக்கிறேன்: அங்கே வங்கிக் கணக்கு முதலில் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 58. வேளச்சேரியில் சொந்த வீடு இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் வண்டலூர் பக்கம் வாங்கிப் போட்ட மனையைச் சமீபத்தில் விற்றேன். அந்தப் பணத்தில் துபாயில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கி வாடகைக்கு விட ஆசை. விலை 8 லட்சம் திர்ஹாம் என்கிறார்கள். கிண்டியில் ஒரு ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் பார்த்த ஏஜென்ட், "முதலில் துபாயில் கணக்கு திறந்து மொத்தப் பணத்தையும் அதில் போட்டுவிடுங்கள், வீட்டை நிதானமாகப் பார்க்கலாம். புக்கிங் தொகையைக் கிரெடிட் கார்டில் தேய்த்துவிடலாம்" என்கிறார். அபுதாபியில் வேலை பார்க்கும் என் தங்கை மகனோ, "மாமா, கணக்கெல்லாம் எதுக்கு? அங்கே நான் கட்டிடறேன், நீங்க இங்கே என் வீட்டுக் கடனை அடைச்சிடுங்க" என்கிறான். யார் சொல்வது சரி? என் மனைவி பெயரையும் சேர்க்கலாமா?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. மருமகன் சொல்வது கூடுதல் ஆபத்து என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அவர் அங்கே திர்ஹாமில் கட்ட, நீங்கள் இங்கே ரூபாயில் ஈடுசெய்வது என்பது கணக்குப் பார்த்தால் ஹவாலாதான். குடும்பத்துக்குள் நடப்பதால் அதன் தன்மை மாறாது. வெளிநாட்டில் ஒரு சொத்து வாங்குவதற்கு ஈடாக இந்தியாவுக்குள் பணப் பரிமாற்றம் செய்வதை, 1999-ஆம் ஆண்டின் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், மூன்றாவது பிரிவிலேயே தடுக்கிறது. மாட்டிக்கொண்டால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அது மட்டுமல்ல, வெளிநாட்டுச் சொத்துக்கு ஈடான மதிப்புள்ள இந்தியச் சொத்தை முடக்கவும் அமலாக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. உங்கள் விஷயத்தில் அது வேளச்சேரி வீடு. மருமகன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் வேண்டாம்.

இனி ஏஜென்ட் சொன்னதைப் பார்ப்போம். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு திறக்க உங்களுக்கு ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. எல்ஆர்எஸ் என்று சுருக்கமாகச் சொல்கிற திட்டத்தின் கீழ், ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கணக்கு திறப்பதும் சொத்து வாங்குவதும் அதற்குள் அடங்கும். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருப்பதால் உங்கள் உச்சவரம்பு 9,18,125 திர்ஹாம். ஃபிளாட் 8 லட்சம், துபாய் நிலத் துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 32,000. தரகு, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம் என்று வையுங்கள். ஒரே ஆண்டில், உங்கள் ஒருவர் பெயரிலேயே அனுப்பிவிடலாம்.

சிக்கல் "முதலில் போட்டுவிடுங்கள்" என்பதில்தான். 2022 ஆகஸ்ட் முதல் ஒரு விதி இருக்கிறது. எல்ஆர்எஸ் வழியாக அனுப்பிய பணம் செலவாகாமலோ முதலீடாகாமலோ கிடந்தால், 180 நாட்களுக்குள் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஏஜென்ட் சொல்கிற "நிதானம்" ஆறு மாதம் தாண்டினால் தவறு உங்கள் பெயரில் பதிவாகும். அனுப்பும்போது ஒரு முறை, திருப்பும்போது ஒரு முறை என இரண்டு தடவை நாணய மாற்றுச் செலவு வேறு. இதற்கு நடுவில் கணக்கில் இரண்டு கோடி தூங்குகிறது என்று தெரிந்த ஏஜென்ட் உங்களை நிதானமாக வீடு பார்க்க விடுவாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டை முடிவு செய்து, ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, சென்னையில் உள்ள உங்கள் வங்கியிலிருந்து நேராக விற்பவருக்கு அனுப்புவதே நான் சொல்லும் வழி. கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், வாங்குபவர்கள் பணத்தைப் பாதுகாக்க அந்தக் கட்டுமானத் திட்டத்துக்கென்று தனியாகப் பதிவான எஸ்க்ரோ கணக்கு ஒன்று இருக்கும். துபாயில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். பணம் அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். கம்பெனியின் வேறு கணக்குக்கோ ஏஜென்ட் கணக்குக்கோ கூடாது. வாங்குவதற்காக மட்டும் என்றால் உங்களுக்கு அங்கே கணக்கு அவசியமே இல்லை. வாடகை வர ஆரம்பிக்கும்போதுதான் அது தேவைப்படும்.

கிரெடிட் கார்டில் புக்கிங் வேண்டவே வேண்டாம். கார்டு அன்றாடச் செலவுக்கானது, வெளிநாட்டுச் சொத்து வாங்க அதைப் பயன்படுத்துவது ஃபெமாவில் சிக்கலைக் கொண்டுவரும். டோக்கன் தொகை சின்னதாக இருந்தாலும் வங்கி வழியாகவே போகட்டும்.

சென்னை வங்கியில் ஏ2 படிவம் கொடுப்பார்கள். அதில் நோக்கத்துக்கான குறியீடு உண்டு. வெளிநாட்டில் வீடு, நிலம் வாங்க எஸ்0005. வெளிநாட்டுக் கணக்கில் போட என்று வேறு குறியீட்டில் அனுப்பிவிட்டு வீடு வாங்கினால், பிற்பாடு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்குப் பழைய கணக்கு இருக்கும் வங்கியிலேயே இதைச் செய்யுங்கள். இப்படிப்பட்ட முதலீட்டுக்கு அனுப்புகிறவர் அந்த வங்கியில் குறைந்தது ஓராண்டு வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்பது விதி. புது வாடிக்கையாளர் என்றால் பழைய வங்கியின் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன் என்று கேட்பார்கள். மனை விற்ற பத்திரத்தின் நகலையும் கையோடு எடுத்துப்போங்கள்.

அப்புறம் நாணய மாற்று விகிதம். இதைக் கேட்கவே பலருக்குக் கூச்சம். கூகுளில் தெரியும் விகிதத்துக்கும் வங்கி உங்களுக்குப் போடும் விகிதத்துக்கும் திர்ஹாமுக்கு 50 காசு வித்தியாசம் இருந்தால், எட்டரை லட்சம் திர்ஹாமில் அது 4.25 லட்சம் ரூபாய். இரண்டு வங்கிகளில் விகிதம் கேட்டு, கிளை மேலாளரிடம் பேரம் பேசுங்கள். இந்த அளவு தொகைக்குக் குறைப்பார்கள்.

இப்போது உங்களுக்கு அதிர்ச்சி தரக்கூடிய விஷயம், டிசிஎஸ். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி முதலீட்டுக்காக அனுப்பும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்துக்கொள்ளும். கணக்குக்காக ஒரு திர்ஹாமை 24 ரூபாய் என்று வைத்தால் நீங்கள் அனுப்புவது 2.04 கோடி. அதில் 10 லட்சம் போக மீதி 1.94 கோடிக்கு 38.8 லட்சம் ரூபாய். இது அனுப்பும் பணத்துக்கு மேலே தனியாக, அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். கண்காட்சியில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இது வீணாகும் பணமில்லை. உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். உங்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. மனையை விற்ற அதே நிதியாண்டில் பணத்தை அனுப்பினால், மனை லாபத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரியை இந்த டிசிஎஸ்ஸிலேயே நேர்செய்யலாம். முன்கூட்டிய வரியும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே அனுப்பும் தேதியை ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மனை லாபம் என்றதும் இன்னொன்று. மனை விற்ற பணத்தில் வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை இந்தியாவுக்குள் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான். துபாய் வீட்டுக்குக் கிடையாது. பழைய மனை என்பதால், வாங்கிய விலைக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம், இரண்டில் குறைவானதைக் கட்டலாம். அந்த வரி போக மிஞ்சுவதே உங்கள் துபாய் பட்ஜெட். பற்றாக்குறைக்கு இங்கே வங்கிக் கடன் வாங்கலாமா என்றால் முடியாது. இப்படிப்பட்ட வெளிநாட்டு முதலீட்டுக்கு வங்கிகள் கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

கட்டி முடிக்காத வீட்டைத் தவணையில் வாங்கச் சொன்னால், கவர்ச்சியாக இருந்தாலும் நான் தயங்குவேன். 2013 ஆகஸ்டில், ரூபாய் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், ரிசர்வ் வங்கி இந்த எல்ஆர்எஸ் வரம்பை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்தது. அந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு, நிலம் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. மறு ஆண்டுதான் அது தளர்ந்தது. நாலைந்து வருஷத் தவணையில் பாதி கட்டியிருக்கும்போது மறுபடியும் அப்படி ஒன்று வந்தால்? சாவி வாங்கிய பிறகும் பல வருஷம் கட்டலாம் என்கிற திட்டங்கள் வெளிநாட்டுக் கடன் போலவே இருப்பதால், கையெழுத்துப் போடுமுன் ஃபெமா தெரிந்த ஆடிட்டரிடம் காட்டுங்கள். உங்களிடம் மொத்தப் பணம் இருக்கிறது. கட்டி முடித்த வீட்டையே பாருங்கள்.

வீடு கைக்கு வந்ததும் வாடகைக்காகக் கணக்கு திறக்கலாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸின் குடியிருப்பு விசா இல்லாதவருக்குப் பெரும்பாலும் சேமிப்புக் கணக்குதான் கிடைக்கும், செக் புக் இருக்காது. பாஸ்போர்ட், சென்னை முகவரிச் சான்று, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். குறைந்தபட்ச இருப்பு வங்கிக்கு வங்கி மாறும், சிலவற்றில் நம் ஊர்க் கணக்குக்குக் கனவிலும் வராத தொகை. வரிக் குடியுரிமை எந்த நாடு என்று ஒரு படிவம் வரும். இந்தியா என்று எழுதி பான் எண்ணைக் கொடுங்கள். சொத்து வாங்கினால் விசா கிடைக்கும், அதைக் காட்டி எமிரேட்ஸ்வாசி என்று எழுதிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். சென்னையில் வாழ்கிற நீங்கள் வரிச் சட்டப்படி இந்தியவாசிதான். இந்தியவாசிகளின் கணக்கு விவரங்களை எமிரேட்ஸ் நம் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் அனுப்புகிறது.

"துபாயில் வாடகைக்கு வரியே இல்லை" என்பார்கள். அங்கே இல்லை, உங்களுக்கு இங்கே உண்டு. 30 சதவீத நிலையான கழிவு போக மீதி வாடகை உங்கள் வருமானத்தோடு சேரும். அங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. ஏஜென்ட் சொன்ன வருமான சதவீதத்தை இந்த வரியையும் கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தையும் கழித்துவிட்டுப் பாருங்கள். வாடகைப் பணத்தையும் அங்கே சும்மா குவியவிடாமல், அதே 180 நாள் விதியை நினைவில் வைத்துச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள்.

வருமான வரி ரிட்டர்னுக்கு இனிமேல் ஐடிஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது, ஐடிஆர்-2. அதில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் வீட்டையும் கணக்கையும் ஒவ்வொரு ஆண்டும் காட்ட வேண்டும், வாடகையே வராவிட்டாலும். நம் நிதியாண்டுக் கணக்கு அதற்கு உதவாது. டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டுக்கான விவரத்தைக் கேட்பார்கள். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். வங்கி இருப்பு போன்றவை 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து இந்த அபராதத்தில் சலுகை உண்டு. வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

கடைசியாக உங்கள் மனைவியின் பெயர். சேர்க்கலாம். அவர் வீட்டில் பங்குதாரராக இருந்தால் அவருடைய 2,50,000 டாலர் வரம்பையும் சேர்த்துக்கொள்ள முடியும். பான் எண், ஏ2 படிவம், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில் தனியாக இருக்க வேண்டும். நீங்கள் ஒருவரே அனுப்பி, அதை அவருக்கு வெளிநாட்டுக் கணக்கில் அன்பளிப்பாக மாற்றுவது கூடாது. டிசிஎஸ்ஸில் லாபம் பெரிதாக இல்லை: இன்னொரு 10 லட்சத்துக்கு விலக்கு, அதாவது 2 லட்சம் குறையும். உங்கள் பணத்தில் வாங்கியதாக இருந்தால் அவர் பங்கு வாடகையும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். இருந்தாலும் சேர்க்கச் சொல்வேன், காரணம் வரி இல்லை. இங்கே வங்கியில் நாமினி எழுதுவது போல அங்கே முடிந்துவிடும் என்று இருக்காதீர்கள். ஒருவர் காலமானால் கணக்கும் வீடும் நீதிமன்ற உத்தரவு வரும்வரை நிற்கக்கூடும். முஸ்லிம் அல்லாதவர்கள் துபாயில் உயில் பதிவு செய்ய வசதி இருக்கிறது. பத்திரப் பதிவுக்காக அங்கே போகும் அந்த வாரத்திலேயே இருவரும் அந்த உயிலையும் பதிந்துவிட்டு வாருங்கள்.